தற்கொலை: யாருக்கு, எங்கே, எதனால் குறைந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் உதவி எண்கள். இதை உங்களுக்காகவோ வீட்டில் இருக்கும் ஒருவருக்காகவோ படித்துக்கொண்டிருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம். இந்தியாவில் 14416, டெலி மானஸ்: இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104. சென்னை சிநேகா அமைப்பு 044-24640050. இலங்கையில் 1926. கைவிட்டுப் போகும் நிலைமை என்றால் ஆளைத் தனியே விடாமல் நேராக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

தற்கொலை ஒருவருடைய சொந்த முடிவுதானே? அதில் பொதுச் சுகாதாரத்துக்கு என்ன வேலை?

ஒரு சாவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கடன், காதல், குடி, கணவனோடு சண்டை என்று ஏதோ ஒன்று கண்ணில் படும், கதை முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான சாவுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு நாட்டில் வருடத்துக்கு எத்தனை பேர் இப்படி இறப்பார்கள் என்பதைப் போன வருடக் கணக்கை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். எந்த வயதில், எந்தப் பகுதியில், ஆணா பெண்ணா என்பதைக்கூட. ஒருவரை ஒருவர் அறியாத லட்சம் பேருடைய ‘சொந்த முடிவுகள்’ இப்படி ஒழுங்காக வந்து விழாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் பிடித்துக்கொண்டது இந்த இழையைத்தான்.

சாலை விபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விபத்திலும் ஓட்டுநர் ஒருவர் இருப்பார், அவர் தவறும் இருக்கும். ஆனால் ஹெல்மெட்டும் வேகத்தடையும் வந்தால் மொத்தச் சாவு குறைகிறது. தற்கொலையும் அப்படிக் குறையும். குறைந்திருக்கிறது, அதுவும் பக்கத்து நாட்டிலேயே.

இலங்கையில் என்ன நடந்தது?

1950 வாக்கில் இலங்கையில் தற்கொலை வீதம் லட்சம் பேருக்கு 10க்கும் கீழே இருந்தது. பசுமைப் புரட்சியோடு பூச்சிக்கொல்லிகள் ஒவ்வொரு விவசாய வீட்டுக்குள்ளும் வந்தன. 1995இல் அந்த வீதம் லட்சத்துக்கு 47. அன்றைக்கு உலகத்திலேயே மிக அதிகமான வீதங்களில் ஒன்று. இறந்தவர்களில் பெரும்பகுதியினர் கிராமத்தார், இளையவர்கள்.

இந்த இடத்தில் நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயலில் தெளிப்பதை நாம் விஷம் என்பதில்லை, ‘மருந்து’ என்கிறோம். மருந்து அடிக்கிறோம், மருந்து வாங்கி வருகிறோம். ‘மருந்தக் குடிச்சிட்டான்’ என்றால் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் அரிசி, மண்ணெண்ணெய் மாதிரி அதுவும் ஒரு சாமான். அது எவ்வளவு கொடியது என்ற பயம் அந்தச் சொல்லிலேயே தேய்ந்துபோய்விட்டது.

சரி, இலங்கை செய்தது என்ன? 1980இல் வந்த சட்டத்தின் கீழ் பூச்சிக்கொல்லிப் பதிவாளர் என்று ஒரு பதவி ஏற்பட்டது. அங்கிருந்து 1984 தொடங்கி, மனித உயிருக்கு மிக ஆபத்தானவை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்திய மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார்கள். 1995க்குள் அந்த முதல் வகுப்பு முழுவதும் போயிற்று. 1998இல் இன்னொன்று, 2008க்கும் 2011க்கும் இடையில் மேலும் சில. (பெயர்களைத் தெரிந்தே எழுதாமல் விடுகிறேன்.) 2005இல் வீதம் லட்சத்துக்கு 24. முன்பு இருந்ததில் பாதி. 1986 முதல் 1995 வரையிலான பத்து ஆண்டுகளோடு ஒப்பிட்டால், அடுத்த பத்து ஆண்டுகளில் சுமார் 20,000 சாவுகள் குறைவு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே வந்தது.

இதே காலத்தில் நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. வேலையின்மை, குடிப்பழக்கம், மணமுறிவு எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் பொருத்திப் பார்த்தார்கள். வீழ்ச்சியின் காலத்தோடு அவை எதுவும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனது தடைகள்தான். யாருடைய மனத்துயரையும் அந்தத் தடை தீர்த்துவைக்கவில்லை. கைக்கெட்டியதை மட்டும் மாற்றியது.

ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்றைத் தேடிப் போகமாட்டார்களா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. அதிகாரிகளும் கேட்கிறார்கள், தடை போடாமல் இருப்பதற்கு வசதியான கேள்வி என்பதால். பதில், பெரும்பாலோர் போவதில்லை.

சாக வேண்டும் என்ற வேகம் பலருக்கு அலை மாதிரி வந்து போகிறது. சில நிமிடங்கள், சில மணி நேரம். சண்டை முடிந்த கையோடு, குடித்துவிட்டு வந்த இரவில், ரிசல்ட் பார்த்த அந்த மதியத்தில். அந்த நேரம் கையில் எது அகப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒருவர் பிழைப்பதும் இறப்பதும் அமைகிறது. இலங்கையில் தடைகளுக்குப் பிறகும் மருத்துவமனைக்கு வந்தவர்கள் கூட்டம் குறையவில்லை. வந்தவர்களில் சாகிறவர்கள் குறைந்தார்கள். துயரம் அப்படியே இருந்தது, உயிர் தங்கியது.

உயிர் தங்கினால் போதுமா, திரும்ப முயலமாட்டார்களா என்றால், சிலர் முயல்கிறார்கள், அதை மறுக்க முடியாது. முன்பு ஒரு முறை முயன்றது பெரிய ஆபத்துக் குறி. ஆனால் பிழைத்தவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிற்காலத்தில் தற்கொலையால் இறக்கவில்லை. வேறு வழி தேடிப் போவார்கள் என்ற வாதம் இங்கே உடைகிறது.

பிரிட்டனிலும் இதே அனுபவம் உண்டு. அங்கே 1960களில் வீடுகளுக்கு வரும் சமையல் எரிவாயு வகையை மாற்றினார்கள். காரணம் பொருளாதாரம், தற்கொலையைப் பற்றி யாரும் நினைக்கக்கூட இல்லை. புது வாயுவில் நச்சு இல்லை. 1963இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,700 பேருக்கு மேல் தற்கொலையால் இறந்திருந்தார்கள். 1975இல் அது 3,700க்கும் கீழே வந்தது. மீதி 2,000 பேர் வேறு வழிக்குப் போய்விடவில்லை.

பூச்சிமருந்தைத் தடை செய்தால் விளைச்சல் போய்விடாதா?

இலங்கையில் போகவில்லை. தடைக்கு முன்னும் பின்னும் நெல் முதலான பயிர்களின் விளைச்சலைப் பார்த்தார்கள், தடையால் சரிவு வந்ததற்கு அடையாளம் இல்லை. ஆபத்துக் குறைந்த மாற்று மருந்துகள் கடையில் இருந்தன.

தடைக்குப் பதிலாக, வீட்டில் பெட்டியில் பூட்டி வைக்கச் சொன்னால் என்ன?

கேட்க நன்றாக இருக்கும் யோசனை. இலங்கையில் அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களை எடுத்துச் சோதித்தார்கள். 50,000க்கும் மேற்பட்ட வீடுகள், பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி, மீதிக்கு இல்லை. முடிவு 2017இல் வந்தது: வித்தியாசம் இல்லை. ஏன் என்று யோசித்தால் பெரிய ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. சாவி வீட்டில்தானே தொங்கும்?

தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் வேறு மாதிரி ஒரு முயற்சி நடந்தது. வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் லாக்கர்கள். விவசாயி வேண்டும்போது போய் எடுத்து, மீதியைத் திரும்ப வைக்க வேண்டும். வீட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு நடை தூரம். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், பலனும் நம்பிக்கை தரும்படி இருந்தது, ஆனால் மிகச் சிறிய முயற்சி. என்னைக் கேட்டால், லாக்கரைவிடக் கடை அலமாரியிலேயே கைவைப்பதுதான் வேலைக்கு ஆகும். 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிமருந்துகளை 60 நாள்களுக்கு நிறுத்திவைத்தது. மாநில அரசுக்குச் சட்டம் தரும் அதிகாரம் தற்காலிகத் தடைக்கு மட்டும்தான், நிரந்தரத் தடைக்கு டில்லி மனம் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை எப்படி?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். லட்சத்துக்கு 12.4. மகாராஷ்டிரம் 22,746, அடுத்து தமிழ்நாடு 19,834. தமிழ்நாட்டின் வீதம் லட்சத்துக்கு 25.9, நாட்டின் சராசரியைப்போல இரண்டு மடங்கு. கேரளம் 28.5, புதுச்சேரி 29.7. பீகாரில் 0.6.

இந்தக் கணக்கு ‘குற்ற’ ஆவணக் காப்பகத்திலிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். காசநோய்க்கும் டெங்குவுக்கும் சுகாதாரத் துறையில் கணக்கு இருக்கிறது, இதற்கு மட்டும் போலீஸ் ஸ்டேஷன்.

படிப்பும் வசதியும் உள்ள தென் மாநிலங்களில் ஏன் அதிகம்? கணக்கு ஒழுங்காக எழுதுவதாலா?

ஓரளவு அதுவும்தான். பீகாரில் 0.6 என்பதை யாராலும் நம்ப முடியாது. ஆனால் பதிவு மட்டுமே காரணம் இல்லை. போலீஸ் கணக்கை நம்பாமல் வீடு வீடாகப் போய், ‘யார் இறந்தார், எப்படி இறந்தார்’ என்று விசாரித்து எழுதிய பெரிய ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. அதிலும் தெற்குதான் முன்னால் நின்றது. மக்கள்தொகையில் 22 சதவீதம் உள்ள நான்கு தென் மாநிலங்களில் ஆண்களின் தற்கொலைகளில் 42 சதவீதம், பெண்களுடையதில் 40 சதவீதம்.

காரணம் என்ன என்பதில் ஆளுக்கொரு விளக்கம் உண்டு. படிப்பு ஆசையை வளர்க்கிறது, ஆசைக்கேற்ற வேலையும் சுதந்திரமும் பின்னால் வருவதில்லை, அந்த இடைவெளியில் விழுகிறார்கள் என்பது ஒன்று. எனக்கு அது பாதி உண்மையாகப் படுகிறது, முக்கியமாகப் படித்த பெண்கள் விஷயத்தில்.

அரசாங்கக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

குறைந்தபட்ச எண்ணாக நம்பலாம். மேலே சொன்ன ஆய்வு 2010ஆம் ஆண்டுக்கு 1.87 லட்சம் என்று மதிப்பிட்டது. அதே வருடம் போலீஸ் கணக்கு சுமார் 1.35 லட்சம்.

இதைவிட அதிரவைக்கும் கணக்கு நம் ஊரிலேயே இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி வட்டாரத்தில் பல ஆண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் தன் ஊழியர்களை வைத்துப் பதிவு செய்துவந்தது. ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான மக்கள். ஊழியர்கள் அந்தக் கிராமத்தோடு பழகியவர்கள், வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசக்கூடியவர்கள். 1994 முதல் 1999 வரை அங்கே தற்கொலை வீதம் லட்சத்துக்கு 95. நாட்டின் கணக்கு அப்போது 10, 11 என்று காட்டிக்கொண்டிருந்தது. 10 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, ஆண் பிள்ளைகளில் 58. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தது தற்கொலையால்.

மீதிச் சாவுகள் எங்கே போகின்றன? தமிழ்ப் பத்திரிகை படிக்கும் யாருக்கும் அந்த வாக்கியம் தெரியும்: ‘தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார்...’ போலீஸ் கேஸ், அறுத்துப் பார்ப்பது, தங்கச்சி கல்யாணம் தடைபடுவது என்று குடும்பத்துக்கு ஆயிரம் பயம். வயிற்று வலி என்று எழுதிவிட்டால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். இன்னும் சில வீடுகளில் ‘நெஞ்சு வலி’யாகவோ ‘தவறி விழுந்ததா’கவோ மாறிவிடுகிறது.

ஆனால் வயிற்று வலி எப்போதும் பொய்யல்ல. அதே வேலூர்ப் பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வில், இறந்தவர்களையும் அதே ஊரில் உயிரோடு இருப்பவர்களையும் ஒப்பிட்டபோது, நாள்பட்ட வலி ஒரு முக்கியமான ஆபத்தாகத் தெரிந்தது. வலியோடு வருடக்கணக்கில் வாழ்பவரை நாம் பழகிப்போய் ‘அவருக்கு எப்பவும் இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம்.

ஆண்கள் அதிகமா, பெண்கள் அதிகமா?

எண்ணிக்கையில் ஆண்கள். 2022இல் 1,22,724 ஆண்கள், 48,172 பெண்கள், 28 திருநர். உலகம் முழுவதும் ஆண்கள்தான் அதிகம். ஆனால் உலகப் பெண்களோடு வைத்துப் பார்த்தால் இந்தியப் பெண்களின் நிலை மோசம். 2016இல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் 36.6 சதவீதம் பேர் இந்தியாவில் இருந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. உலகப் பெண்களில் இந்தியப் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

கல்யாணம் ஆகிவிட்டால் பாதுகாப்பு என்கிறார்களே?

மேல்நாட்டு ஆய்வுகளில் திருமணம் ஒரு காப்பு என்று வரும். இங்கே பெண்களுக்கு அதை அப்படியே சொல்ல முடியாது. 2022இல் இறந்த 48,172 பெண்களில் 25,309 பேர் ‘இல்லத்தரசி’ என்ற பிரிவில் இருக்கிறார்கள், பாதிக்கும் மேல். சின்ன வயதில் கல்யாணம், உடனே பிள்ளை, கையில் காசில்லை, அடிக்கும் கணவன், ‘அனுசரிச்சுப் போ’ என்று திருப்பி அனுப்பும் பிறந்த வீடு. ‘அவளுக்கு என்ன குறை’ என்று ஊர் கேட்கும். திரும்பிப் போக ஒரு வீடு இல்லை என்பதே பெரிய குறை.

விவசாயிகள்தானே அதிகம் சாகிறார்கள்?

செய்தியில் அதிகம் வருவது விவசாயிகள். 2022இல் விவசாயத் துறையைச் சேர்ந்தவர்கள் 11,290, மொத்தத்தில் 6.6 சதவீதம். அதிலும் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்பவர்களைவிட (5,207) கூலி வேலைக்குப் போனவர்கள் (6,083) அதிகம். தினக்கூலிகள் என்ற தனிப் பிரிவோ மொத்தச் சாவில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. கொத்தனார், சித்தாள், சுமை தூக்குபவர், பந்தல் போடுபவர். இவர்களுக்காக யாரும் மறியல் செய்வதில்லை, ஏனென்றால் இவர்கள் பெயரில் ஒரு பயிரும் இல்லை, தள்ளுபடி செய்ய ஒரு கூட்டுறவுக் கடனும் இல்லை. இறந்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினரின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கும் கீழே.

விவசாயி சாவு சிறியது என்று சொல்லவில்லை. அந்த ஒரு பிம்பம் மற்றவர்களை மறைத்துவிடுகிறது.

அரசு அறிக்கையில் முதல் காரணம் ‘குடும்பப் பிரச்சினை’ என்று வருகிறது. அப்படியென்றால்?

ஒன்றும் இல்லை என்று அர்த்தம். 2022 கணக்கில் 31.7 சதவீதம் அந்தப் பெட்டிக்குள் போகிறது, 18.4 சதவீதம் ‘நோய்’ என்ற பெட்டிக்குள். எழுதுகிறவர் ஸ்டேஷன் ரைட்டர். வாசலில் அழுதுகொண்டிருக்கும் உறவினரிடம் ஐந்து நிமிடம் கேட்டு ஒரு காரணத்தை நிரப்புகிறார். அடி உதையும் குடும்பப் பிரச்சினை, சொத்துத் தகராறும் குடும்பப் பிரச்சினை, மகள் வேற்றுச் சாதிப் பையனைக் காதலித்ததும் குடும்பப் பிரச்சினை. ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்ற எண்ணமே தவறு. குடி, கடன், வலி, மனச்சோர்வு என்று நாலைந்து கயிறு முறுக்கிக்கொண்டிருக்கும். கடைசியாக நடந்த சண்டைதான் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

தற்கொலை செய்துகொள்கிற எல்லாரும் மனநோயாளிகளா?

இல்லை, ஆனால் மனநோய்க்குப் பங்கே இல்லை என்பதும் தவறு. 1990களில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு, முக்கியமாகக் குடிநோயும் மனச்சோர்வும், இருந்தது தெரிந்தது. வேலூர்க் கிராமங்களில் அப்படி இருந்தவர்கள் 37 சதவீதம்தான். நகரத்துக்கும் கிராமத்துக்கும், ஆய்வு முறைக்கும் ஏற்ப மாறுகிறது. மனச்சோர்வுக்கு மாத்திரையும் ஆலோசனையும் வேலை செய்கின்றன, அரசு மருத்துவமனையில் இலவசம். அவமானத்துக்கும் பட்டினிக்கும் மாத்திரை கிடையாது.

தேர்வு முடிவு வரும் நாள்களில் என்ன செய்யலாம்?

ஒரு காலத்தில் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினால் ஒரு வருடம் போச்சு. நண்பர்கள் கல்லூரிக்குப் போவார்கள், இவன் வீட்டில் உட்கார்ந்திருப்பான். சிநேகாவை 1986இல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் மற்றவர்களும் விடாமல் வலியுறுத்தியதில், 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு உடனடித் துணைத்தேர்வைக் கொண்டுவந்தது. ஒரு மாதம் போல் பொறுத்தால் மறுபடி எழுதலாம், அந்த வருடமே மேலே படிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த தடுப்பு நடவடிக்கை இது. ‘தோல்வியே வெற்றியின் முதல் படி’ என்று சுவரில் எழுதிவைப்பதில் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. நிஜமாகவே அடுத்த படி ஒன்றைக் கட்டிக்கொடுத்தார்கள்.

ரிசல்ட் வருகிற அன்று வீட்டில் பெரியவர் ஒருவர் இருங்கள். பக்கத்து வீட்டு மதிப்பெண்ணை அன்றைக்கு விசாரிக்க வேண்டாம்.

போர் நடந்தபோது யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்ததாமே?

ஆமாம். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அங்கேயே இருந்து பதிவு செய்திருக்கிறார். 1980களில் சண்டை உக்கிரமானபோது வீதம் கீழே இறங்கியது. வெளி ஆபத்து வரும்போது சனம் ஒன்றுகூடிவிடும், தனிமை குறையும் என்பது துர்கைம் காலத்திலிருந்து வரும் விளக்கம். போர்க்காலத்தில் பூச்சிமருந்து உட்படப் பல பொருள்கள் வடக்குக்கு வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர் நல்லது என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.

முயன்று பிழைத்தால் போலீஸ் கேஸ் வருமா?

இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை என்று சொன்னது. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் குற்றமாக நிற்கிறது. இலங்கை 1998லேயே இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

ஆகவே டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுக்கலாம், வந்து இரண்டு கேள்வி கேட்கலாம். அதற்காக ஒளிக்க வேண்டியதில்லை.

பத்திரிகைகளும் டிவியும் செய்தி போட்டால் என்ன கெட்டுவிடும்?

எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் விஷயம். வியன்னா மெட்ரோவில் 1980களில் தற்கொலைகள் கூடின, பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. 1987இல் அவை எழுதும் முறையை மாற்றிக்கொண்டதும் ஆறே மாதத்தில் சாவுகள் சரேலென்று குறைந்தன. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் விதிமுறை வகுத்தது: முதல் பக்கத்தில் வேண்டாம், முறையை விவரிக்க வேண்டாம், இடத்தைச் சொல்ல வேண்டாம், படம் வேண்டாம். நம் டிவிகள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. கடைசிக் கடிதத்தைத் திரையில் காட்டி, பின்னணியில் சோக இசை வேறு. உயிர் பிழைத்ததைத் ‘தோல்வியில் முடிந்த முயற்சி’ என்று எழுதுவது எனக்கு இன்னும் புரியாத தமிழ்.

இக்கட்டிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய செய்திகளுக்கு இதற்கு நேர்மாறான நல்ல பலன் உண்டு, அவை மற்றவர்களையும் தாங்கிப் பிடிக்கின்றன.

‘சாகணும்னு தோணுதா’ என்று கேட்டால் நாமே நினைவூட்டியது போலாகாதா?

ஆகாது. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பவருக்கு இறக்கிவைக்க இடம் கிடைக்கிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: ‘தம்பி, கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்க. செத்துப்போயிடலாம்னு மனசுல ஓடுதா?’ ஓடுகிறது என்று சொன்னால் பதறி அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள். ‘உனக்கென்ன கொறச்சல்’, ‘அம்மாவ நெனச்சுப் பாரு’ இரண்டும் வேண்டாம். எப்போதிருந்து, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருந்தால் அந்தப் பொருள் வீட்டை விட்டு அன்றைக்கே வெளியே போக வேண்டும், அவரைத் தனியாக விடக் கூடாது.

‘சும்மா மிரட்டுறா’ என்கிறார்களே?

இறந்தவர்களில் பலர் முன்பே யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். மிரட்டலா நிஜமா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை.

மருத்துவமனையிலிருந்து பிழைத்து வீடு வந்தவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. அப்போதுதான் சொந்தக்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போவார்கள், அல்லது யாருமே பேசமாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில், அதில் சென்னையும் கொழும்பும் உண்டு, 1,867 பேரிடம் ஒரு எளிய காரியத்தைச் சோதித்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க’ என்று விசாரிப்பு. புது மருந்தோ பெரிய கருவியோ கிடையாது. 18 மாத முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

அவர்கள் விசாரித்த நாள்கள் இவை: 1, 2, 4, 7, 11ஆவது வாரம். அப்புறம் 4, 6, 12, 18ஆவது மாதம். அங்கே விசாரித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள், சிகிச்சைக்கு அது மாற்றும் அல்ல. ஆனாலும் வீட்டு நாள்காட்டியில் அந்த ஒன்பது தேதிகளை வட்டமிட்டு வைப்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.